பிரிண்டரைத் தூக்கிப் போடச் சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் கொடுக்கும் ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்ததில் இருந்து எங்கள் பக்கம் ஒரு பேச்சு பரவிக்கொண்டிருக்கிறது. பழைய கம்பியூட்டர் இனி எதற்கும் ஆகாது, அதோடு இருக்கும் பிரிண்டரும் ஆகாது, இரண்டையும் மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். கொழும்பில் இருக்கிற அலுவலகத்துக்கு இது சரியாக இருக்கலாம். மஸ்கெலியா, பொகவந்தலாவ, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளுக்கு இப்படிச் சொல்வது அநியாயம், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தலவாக்கலையில் தட்டச்சு, போட்டோ கொப்பி வேலை செய்யும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள பாடசாலைகளின் கம்பியூட்டர்களையும் பார்த்துக் கொடுப்பேன். அங்கே இருப்பதில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 மெஷின்கள், ஒன்றிரண்டு எக்ஸ்பியும் உண்டு. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் நின்றுவிட்டது உண்மைதான். ஆனால் ஆதரவு நின்றது என்றால் மெஷின் நின்றது என்று அர்த்தம் இல்லை. தவணைப் பரீட்சை வந்தால் வினாத்தாள் அடிப்பது அதில்தான், ஐந்தாம் தரப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் மாதிரித் தாள் எடுப்பதும் அதில்தான். பரீட்சைக்கு முதல் வாரம் பார்த்து பிரிண்டர் அடிக்காமல் போகும். ஆசிரியர்கள் அதைப் பேக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். என் கடையில் கேபிளைப் போட்டால் நன்றாக அடிக்கும். பழுது பிரிண்டரில் இல்லை, அங்கே உள்ள கம்பியூட்டரின் டிரைவரில்.

கம்பியூட்டர் சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்தான் டிரைவர். அது கெட்டால் பலரும் செய்வது, பிரிண்டரின் ஐகனை அழித்துவிட்டு மறுபடியும் இன்ஸ்டோல் பண்ணுவது. ஐகன்தான் போகும், கெட்டுப்போன டிரைவர் உள்ளேயே இருக்கும், புதிதாகப் போடும்போது விண்டோஸ் அந்தப் பழையதையே எடுத்து ஒட்டிக்கொள்ளும். எத்தனை தடவை போட்டாலும் அதே கோளாறு வருவதற்குக் காரணம் இதுதான். இதைத் தெரியாமல் எத்தனை நல்ல பிரிண்டர்கள் ஸ்டோர் ரூமுக்குப் போயிருக்கும் என்று நினைத்தாலே மனம் வேகிறது.

முழுதாக அகற்ற ஒரு முறை இருக்கிறது. விண்டோஸ் 7இல் டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ் பக்கத்தைத் திறந்து, ஏதாவது ஒரு பிரிண்டரைத் தொட்டவுடன் மேலே பிரிண்ட் சர்வர் புரொப்பர்ட்டீஸ் என்று வரும். அதற்குள் டிரைவர்ஸ் என்ற பகுதியில் இதுவரை போட்ட எல்லா டிரைவரும் வரிசையாக இருக்கும். கெட்டதைத் தெரிவு செய்து ரிமூவ் கொடுத்தால் இரண்டு கேள்வி கேட்கும், டிரைவரை மட்டும் எடுக்கவா, அதன் பொதியையும் (உள்ளே சேமித்து வைத்திருக்கும் இன்ஸ்டோல் கோப்புகளையும்) சேர்த்து எடுக்கவா என்று. இரண்டாவதைத்தான் கொடுக்க வேண்டும். டிரைவர் பாவனையில் இருக்கிறது, அழிக்க முடியாது என்று மறுத்தால் பயப்பட வேண்டாம். ஸ்டார்ட் மெனுவில் சர்விசஸ் என்று தேடி, அச்சு வேலைகளை வரிசையில் வைத்து பிரிண்டருக்கு அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, திரும்பத் தொடங்கி, உடனே மறுபடியும் ரிமூவ் கொடுத்தால் அநேகமாகப் போய்விடும். அச்சுக்கு அனுப்பிய வேலை பாதியில் சிக்கி, டிலீட் கொடுத்தும் போகாமல் நிற்கும் அல்லவா, அதற்கும் இந்த ஸ்பூலர்தான் வழி: அதை நிறுத்திவிட்டு விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போய் உள்ளே இருப்பதை மட்டும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும்.

அப்புறம் புதிய டிரைவர் போடும்போது கேபிளை முதலிலேயே குத்தக் கூடாது. பெரும்பாலான யூஎஸ்பி பிரிண்டர்களுக்கு இன்ஸ்டோல் ஓடி, இப்போது இணையுங்கள் என்று கேட்ட பிறகுதான் குத்த வேண்டும். வேறு யூஎஸ்பி துளையில் குத்தினாலும் கொப்பி 1 என்று இன்னொரு பிரிண்டர் முளைப்பது உண்டு. ஆசிரியர் பழைய ஐகனுக்கே அனுப்பிக்கொண்டிருப்பார், அது ஓஃப்லைன் என்று நிற்கும். புரொப்பர்ட்டீஸில் போர்ட்ஸ் பகுதியில் யூஎஸ்பி001 இல் இருப்பதை யூஎஸ்பி002க்கு மாற்றினால் வேலை முடிந்தது. இதற்காக ஹட்டனுக்கு பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

டிரைவர் எங்கே எடுப்பது என்பதுதான் பெரிய கேள்வி. சீடி தொலைந்திருக்கும், இருந்தாலும் கீறல் விழுந்திருக்கும். முதலில் மை கம்பியூட்டரின் புரொப்பர்ட்டீஸில் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்க்க வேண்டும், ஒன்றின் டிரைவர் மற்றதில் போகாது. பிறகு தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் தேட வேண்டும். கூகிளில் தேடினால் டிரைவர் தருகிறோம் என்று நூறு தளம் வரும், அவற்றில் பலவும் தேவையில்லாத குப்பையையும் சில நேரம் வைரஸையும் சேர்த்து இறக்கிவிடும். சில மொடல்களுக்கு நிறுவனமே விண்டோஸ் 7 டிரைவர் விடவில்லை. எச்பி லேசர்ஜெட் 1010 வரிசை அப்படித்தான், ஆனால் லேசர்ஜெட் 3055 பிசிஎல்5 என்ற வேறொரு மொடலின் டிரைவரைப் போட்டு, போர்ட்ஸ் பகுதியில் டாட்4 என்று இருக்கும் போர்ட்டைக் காட்டி உலகம் முழுக்க அதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இப்படி மாற்று டிரைவர் போட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். லேசர்ஜெட் 1020, கெனன் எல்பிபி2900 போன்றவை அச்சுப் பக்கத்தை உருவாக்கும் வேலையைக் கம்பியூட்டரிடமே விடுகிற வகை, அவற்றுக்கு அவற்றின் சொந்த டிரைவர்தான் வேண்டும். 1020ஐ ஒவ்வொரு முறை ஓன் பண்ணும்போதும் அதன் உள் மென்பொருளையே டிரைவர்தான் ஏற்றிக் கொடுக்கிறது.

நிறுவனத்தின் டிரைவரையே எடுத்தும் விண்டோஸ் 7 அதன் டிஜிட்டல் கையொப்பத்தை (யார் தயாரித்தது என்று உறுதிப்படுத்தும் அடையாளத்தை) நம்ப முடியவில்லை என்று மறுத்தால் டிரைவரில் பிழை இல்லை. புதிதாக வரும் டிரைவர்கள் ஷா-2 முறையில் கையொப்பமிடப்பட்டவை, பழைய விண்டோஸ் 7க்கு அதைப் படிக்கத் தெரியாது. சர்வீஸ் பேக் 1 என்ற விண்டோஸ் 7இன் பெரிய இற்றைப்படுத்தல் இருக்கும் மெஷினில் கேபி3033929, கேபி4474419 என்ற இரண்டு இற்றைப்படுத்தல்களைப் போட்டால் தெரிந்துவிடும். இன்டர்நெட் இல்லாத பாடசாலைக்கு இவற்றைப் பென் டிரைவில்தான் கொண்டு போக வேண்டும்.

தமிழில் அடிப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. டிரைவர் மாற்றிய பிறகு ஆங்கிலம் அழகாக வரும், பாமினியில் அடித்தது மட்டும் கட்டம் கட்டமாகவோ வேறு எழுத்தாகவோ வரும். பொன்ட் போய்விட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் திரும்ப அடிப்பார்கள், பாவம். பிரிண்டரின் அட்வான்ஸ்ட் அமைப்பில் ட்ரூடைப் எழுத்துகளைப் படமாக அனுப்பு என்ற தெரிவு பல டிரைவர்களில் இருக்கிறது. அதைப் போட்டால் கொஞ்சம் மெதுவாக அடித்தாலும் எழுத்து சரியாக வரும்.

பழைய மெஷினை வைத்திருக்கச் சொல்வதால் ஆபத்தை மறைக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021 ஜூலையில் இந்தப் பிரிண்ட் ஸ்பூலரிலேயே பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. ஆதரவு நின்ற மெஷினை இன்டர்நெட்டில் விடவே கூடாது, அதில் வங்கி வேலை, ஈமெயில் எதுவும் வேண்டாம். டிரைவரை வேறு நல்ல கம்பியூட்டரில் இறக்கி, வைரஸ் பார்த்து, பென் டிரைவில் கொண்டு வந்து போட வேண்டும். வினாத்தாள் அடிக்க மட்டும் என்றால் அந்த மெஷின் இன்னும் பல காலம் போகும். கடதாசியை மூடிய பெட்டியில் வைக்கவும் மறக்க வேண்டாம், எங்கள் ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் வெளியே கிடக்கும் தாள் ஈரம் பிடித்துச் சுருண்டு உள்ளே சிக்கும், அதற்கும் டிரைவர்மேல்தான் பழி விழும்.

காலம் போகப் போக இந்தக் கோப்புகள் கிடைப்பது கஷ்டமாகிறது. பழைய மொடல்களின் பக்கங்களை நிறுவனங்கள் எடுத்துவிடுகின்றன. விண்டோஸ் அப்டேட் வழியாக மற்ற நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்துவதாக மைக்ரோசொஃப்டும் 2023இலேயே அறிவித்துவிட்டது. இன்று கிடைப்பது நாளைக்குக் கிடைக்கும் என்று இருக்க முடியாது.

அதனால் நுவரெலியா, ஹட்டன், கொத்மலை வலயக் கல்விப் பணிமனைகளிடம் ஒன்றைக் கேட்கிறேன். வலயத்தின் பாடசாலைகளில் என்னென்ன பிரிண்டர் மொடல், என்ன விண்டோஸ், 32 பிட்டா 64 பிட்டா என்று அதிபர்களிடம் ஒரு பட்டியல் வாங்குங்கள். அந்த டிரைவர்களையும் மேலே சொன்ன இற்றைப்படுத்தல்களையும் நிறுவனத் தளங்களில் இருந்து இப்போதே இறக்கி, கணினி வள நிலையத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் மொடல் பெயரோடு வைத்துவிடுங்கள், கேட்டு வரும் ஆசிரியருக்குப் பென் டிரைவில் கொப்பி பண்ணிக் கொடுங்கள். இதற்குக் கேள்விப்பத்திரம் கோரவும் வேண்டாம், நிதி ஒதுக்கவும் வேண்டாம். என்னிடம் சேர்த்து வைத்திருக்கும் டிரைவர்களைக் காசில்லாமல் தருகிறேன், எந்த வலயம் கேட்டாலும் நானே கொண்டு வந்து கொடுப்பேன்.

உங்கள் பத்திரிகையின் தொழில்நுட்பப் பக்கத்திலும் புதுப் போன்களுக்குக் கொடுக்கும் இடத்தில் வாரம் ஒரு மூலையை இந்தப் பழைய மெஷின்களுக்குக் கொடுங்கள். அடுத்த தவணைப் பரீட்சைக்கு முன்பே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
தட்டச்சு, போட்டோ கொப்பிக் கடை நடத்தும் வாசகர்,
தலவாக்கலை.