இந்தப் பெயிண்டை எதில் ஊறவைப்பது? மாதிரி ரயில் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாதிரி ரயில் பெட்டிகளைத் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

உங்கள் பெட்டிகளை வாங்கி வந்து, நீங்கள் பூசிய பெயிண்டை எடுத்துவிட்டு, வேண்டிய நிறத்தைப் பூசிக்கொள்ளும் வாடிக்கையாளர்களில் நானும் ஒருவன். உங்கள் வேலைப்பாட்டில் குறை கண்டு இதைச் செய்வதில்லை. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் பெட்டிகள் நெடுங்காலம் செம்பழுப்பு நிறத்தில் ஓடி, 1990களில் நீலத்துக்கு மாறின. நான் அமைத்துவரும் ரயில் நீல நிறக் காலத்தது. எனக்குக் கிடைத்த பெட்டிகளோ செம்பழுப்பு.

பழைய பெயிண்டின் மேலேயே புதியதைப் பூசினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. நிஜத்தில் 87இல் ஒரு பங்கான 1:87 அளவில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள பெயிண்ட், நிஜப் பெட்டியின் மீது கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் கனத்துக்குச் சாந்து பூசியதற்குச் சமம். அதன் மேல் இன்னொரு பூச்சும் ஏறினால், நீங்கள் பாடுபட்டு வார்த்தெடுத்த ஜன்னல் விளிம்பும் கதவுக் கைப்பிடியும் மழுங்கிப்போகும். ஆகவே எடுத்துத்தான் ஆகவேண்டும். எதைக் கொண்டு எடுப்பது என்பதில்தான் சிக்கல்.

ஒரே நிறுவனத்தின் இரண்டு பெட்டிகளை இரண்டு ஆண்டு இடைவெளியில் வாங்கினேன். அட்டைப்பெட்டியும் ஒன்று, பொருள் எண்ணும் ஒன்று. முதல் பெட்டியின் சக்கரங்களையும் ஜன்னல் கண்ணாடித் தகட்டையும் கழற்றிவிட்டு, ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்கும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பெட்டியின் வெளிக்கூட்டை மட்டும் ஊறவைத்தேன். இருபதே நிமிடத்தில் பெயிண்ட் சுருங்கி, வெங்காயச் சருகுபோல் கையோடு வந்துவிட்டது. மூலைகளில் ஒட்டியிருந்ததைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்ததும் முடிந்தது. இரண்டாவது பெட்டியில் இரண்டு மணி நேரமாகியும் எழுத்துகளைத் தவிர எதுவும் அசையவில்லை. இரவு முழுக்க விட்டுவைத்தேன். அது என் அவசரப் புத்தி, ஒப்புக்கொள்கிறேன். காலையில் பிரஷ் பட்டதுமே வாசல் படி முறிந்தது, முனைச் சுவரில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். பெயிண்ட் பாதி அப்படியே இருந்தது. இடைப்பட்ட காலத்தில் பிளாஸ்டிக்கையோ பெயிண்டையோ மாற்றினீர்களா என்று எழுதிக் கேட்டதற்கு, பெயிண்டை அகற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. நான் கேட்டது உத்தரவாதம் அல்ல.

நீங்கள் சொல்லாமல் விடும் இடத்தைக் கைவைத்தியம் நிரப்புகிறது. பிரேக் ஆயில் நல்லது என்பார்கள். அதில் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் வகையான டாட் 3, பெயிண்டை இளக்கும், ஆனால் அதே அலமாரியில் இருக்கும் டாட் 5 சிலிக்கான் வகை என்பதால் அதற்கு அந்த வேலை தெரியாது. டெட்டாலும் பல பெயிண்டுகளைக் கழற்றும். ஆனால் அவசரப்பட்டுத் தண்ணீரில் அலசிவிட்டால் இளகிய பெயிண்ட் தார்போல் பிசுபிசுத்து மூலை முடுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும், டெட்டாலிலேயே தேய்த்து முடித்த பிறகுதான் தண்ணீர் காட்ட வேண்டும். காஸ்டிக் சோடா கலந்த அடுப்புத் துப்புரவுத் திரவமோ, அலுமினியத்தையும் துத்தநாகக் கலவை வார்ப்புகளையும் அரித்துவிடும். நகப்பூச்சு நீக்கியில் பெரும்பாலும் இருக்கும் அசிட்டோனிலும் ஹார்டுவேர் கடைத் தின்னரிலும் போட்டால் பெயிண்டோடு பெட்டியும் கரைந்துவிடும். பெட்டிகளை வார்க்கும் பிளாஸ்டிக் வகைகளான பாலிஸ்டைரீனும் ஏபிஎஸ்ஸும் இவற்றுக்குத் தாக்குப்பிடிப்பதில்லை. புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வருபவர் இவற்றையெல்லாம் ஒவ்வொரு பெட்டியாகக் கெடுத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்களால் எளிதில் செய்யக்கூடியதையே கேட்கிறேன். பிளாஸ்டிக் பொருள்களில் அவற்றின் வகையைப் பொறிப்பதற்கு ஐஎஸ்ஓ 11469 என்ற தரநிலை ஏற்கெனவே இருக்கிறது. கோணக் குறிகளுக்கு நடுவே இரண்டு மூன்று எழுத்தாக அந்த வகையின் பெயரைக் கூரையின் உட்புறத்தில் பொறித்தால் யார் கண்ணையும் உறுத்தாது. பாகங்களைப் பிரித்துக் காட்டும் படத்தாள் ஒன்றை எப்படியும் வைக்கிறீர்கள். பெயிண்ட் அக்ரிலிக்கா, எனாமலா, லாக்கரா, நீங்கள் சோதித்த திரவம் எது, அதை பிளாஸ்டிக் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அதில் இரண்டு வரி சேர்த்தால் போதும். எந்தத் திரவமும் ஒத்துவராது என்றால் அதையே எழுதுங்கள், அதுவும் எங்களுக்குப் பயன்படும் செய்திதான். அடுத்த தயாரிப்புத் தொகுதியில் பொருளை மாற்றினால் பொருள் எண்ணுடன் ஓர் எழுத்தைச் சேர்த்துவிடுங்கள். வழக்கு வரும் என்று உங்கள் சட்டப் பிரிவு அஞ்சினால், சோதனைத் துண்டில் கண்ட முடிவு மட்டுமே என்று பக்கத்திலேயே குறிப்பிட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு வழியும் உண்டு. முன்பு பல நிறுவனங்கள் பெயிண்ட் பூசாத பெட்டிகளையும் விற்றன. வெறும் கூட்டை மட்டும் உதிரிப்பாகமாக விற்றாலும் வாங்கிக்கொள்வோம். உங்களுக்குப் பெயிண்ட் செலவு மிச்சம், எங்களுக்கு ஆல்கஹால் செலவு மிச்சம்.

அந்த இரண்டாவது பெட்டி, பாதி செம்பழுப்பும் பாதி வெறும் பிளாஸ்டிக்குமாக, என் மேசையில்தான் இருக்கிறது. முறிந்த படியைத் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். மீதிப் பெயிண்ட் எந்த வகை என்று தெரிந்தால் வேலையை முடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்