புளி ஏலத் தொகையில் மரத்துக்கும் ஒரு பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள். பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, சேத்துமடை போகும் வழியெல்லாம் நிற்பவை பல தலைமுறையாகப் புளி கொடுத்து வரும் மரங்கள். அந்தப் பணத்தில் மரத்தின் பண்டுவத்துக்கென்று ஒரு பைசா ஒதுக்கியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. மரத்துக்குக் கேடு வந்தால் அடியோடு வெட்டி விறகையும் ஏலம் விடுவார்கள். இல்லாவிட்டால் ஊரார் காசு திரட்டிப் பொந்தில் சிமெண்டைக் கொட்டுவார்கள். இரண்டாவதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. நல்லெண்ணத்தோடு செய்வதால் அதை யாரும் தடுப்பதில்லை.

மரத்தின் காயம் நம் உடம்பில் ஆறுவதைப்போல ஆறாது. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து 1970-களில் எழுதி வைத்த உண்மை இது: கெட்டுப்போன பகுதியை மரம் புதுப்பிப்பதில்லை. அதைச் சுற்றி ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி ஒதுக்கிவிட்டு, வெளியே புது மரத்தை வளர்த்துக்கொள்கிறது. ‘பச்சைமரம் தெரியும்வரை’ பொந்தை உளியால் சுரண்டுகிறவர் அந்தச் சுவரைத்தான் உடைக்கிறார். தேங்கிய தண்ணீர் வடியட்டும் என்று கீழே துளை போடுவதும் அதே தப்பு. மரம் காற்றுக்கு வளையும், சிமெண்ட் வளையாது. நடுவே விழும் இடுக்கில் ஈரம் தங்கி அழுகல் இன்னும் வேகமாகப் பரவும். தெர்மோகோல் அடைத்துக் கோழிவலை கட்டி மேலே பூசுவதில் பாரம் குறைவு என்றாலும், உள்ளே என்ன நடக்கிறது என்று பிறகு யாரும் பார்க்க முடியாது. பொந்தில் குடியிருந்த ஆந்தைக்கும் கிளிக்கும் வீடு போனதுதான் மிச்சம்.

பொந்து விழுந்த மரமெல்லாம் சாகப்போகிற மரம் அல்ல. நீரும் உணவும் ஓடுவது பட்டையிலும் அதை ஒட்டிய வெளிமரத்திலும்தான். ஹவுராவில் இருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டே பூஞ்சை பிடித்து 1925-ல் அகற்றப்பட்டது. விழுதுகளை ஊன்றி மரம் இன்றும் நிற்கிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, மிஞ்சிய சுவரின் கனம் எவ்வளவு என்பது. ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு நல்ல மரம் சுற்றிலும் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதாவது 75 செ.மீ. ஆரமுள்ள தூருக்கு 25 செ.மீ. பொந்து ஒரு பக்கம் வாய் திறந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது இன்னும் கூடுதல் கனம் வேண்டும். முதலில் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) தட்டிப் பார்த்து, ஓசை மாறும் இடத்தில் மட்டும், உள்மரத்தின் உறுதியைக் காட்டும் 3 மி.மீ. நுனியுள்ள ஊசித் துளைமானியைச் செலுத்தி அளக்கலாம். அதுவும் சிறு காயம்தான், கண்ட இடத்தில் போடக் கூடாது. தூரில் பழுப்பாகப் பளபளத்து, வெளிவிளிம்பு வெள்ளையாக இருக்கும் கானோடெர்மா காளான் தெரிந்தால் உள்ளே அழுகல் இருக்கிறது என்று பொருள், அளந்து பார்க்கத் தாமதிக்க வேண்டாம். தென்னையில் இதே பூஞ்சை இனத்தால் வரும் தஞ்சாவூர் வாடல் நோயைக் கண்ட விவசாயிகளுக்கு இதை அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

மர அறுவைச் சிகிச்சை என்பதில் பெரும்பங்கு வாது (கிளை) கழிப்பதுதான். கனமான வாதைத் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, அடிப்பக்கமாக மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுக்க வேண்டும். அதற்கு நாலு விரற்கடை வெளியே தள்ளி மேலிருந்து இரண்டாவது அறுப்பு. இப்படிச் செய்தால் வாது முறியும்போது தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகாது. பிறகு, வாது தண்டோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் கழுத்தைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே மிச்சக் கட்டையை எடுக்க வேண்டும். தண்டோடு தண்டாக வழித்து அறுத்தால் தண்டுக்கே காயம். கட்டையை நீட்டிக்கொண்டு விட்டால் அது காய்ந்து பூஞ்சைக்கு வழியாகும். அறுத்த இடத்தில் தார், பெயிண்ட் பூசுவதால் உள் அழுகல் நிற்பதில்லை. 10 செ.மீ. குறுக்களவுக்கு மேற்பட்ட காயத்தை மூட வயதான மரத்துக்குத் தெம்பு இருக்காது, முடிந்தவரை தவிர்க்கலாம். உயரம் குறைக்க வேண்டுமானால், வெட்டும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள பக்கக்கிளையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இலைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுத்துவிடக் கூடாது, நலிந்த மரத்துக்கு அதுவே அதிகம். மூன்று நான்கு ஆண்டுகளாகப் பிரித்துச் செய்ய வேண்டிய வேலை இது. புளி உலுக்கி முடிந்து, துளிர் முற்றியபின், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வலுக்கும் ஆனிக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

ஆடிக் காற்றில் சாயும் மரங்களுக்குக் காற்றின்மேல் பழி போடுகிறோம். சாக்கடை வெட்டியபோதே ஒரு பக்க வேரை அறுத்திருப்பார்கள். தண்டின் குறுக்களவைப்போல் மூன்று மடங்கு தூரத்துக்குள் வேரை வெட்டினால் மரத்தின் பிடிமானமே போய்விடும். வேர் காக்கும் வட்டத்துக்கு ஆரம் அந்தக் குறுக்களவில் 12 மடங்கு, முதிர்ந்த மரத்துக்கு 15 மடங்கு வைப்பது நல்லது. தில்லி மரங்களின் அடியில் ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொல்லி 2013-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. இங்கே பல கோயில் அரசமரங்களுக்கு அந்த ஒரு மீட்டரும் இல்லை. தளத்தைக் கடப்பாரையால்தான் பெயர்க்க வேண்டும், ஜேசிபி கூடவே கூடாது. இறுகிய மண்ணைக் காற்றழுத்தக் குழலால் இளக்கினால் வேர் அறாது. சதுர அங்குலத்துக்கு 90 முதல் 100 பவுண்டு அழுத்தம் போதும். கிணற்றுப் பாறை உடைக்கும் கம்ப்ரசர் வண்டிகளுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. நுனிக்குழல் ஒன்றுதான் வாங்க வேண்டும். இளக்கிய மண்ணில் மட்கிய தென்னைநார்க் கழிவு சேர்க்கலாம், மட்காததைப் போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும். மேலே 7 முதல் 10 செ.மீ. மூடாக்கு, தூரிலிருந்து ஒரு சாண் விலக்கி.

கிளை இரண்டாகப் பிரியும் கவை பிளவுபட்டு, அதற்கு இழுகம்பி கட்டினால், கவையிலிருந்து நுனிவரையுள்ள உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் கட்ட வேண்டும், அகலப் பட்டை கொடுத்து. வெறும் கம்பியைச் சுற்றினால் சில ஆண்டுகளில் பட்டையை அறுத்துவிடும்.

இனி பணம். ஹரியானாவில் 75 வயது கடந்த மரங்களுக்கு ஆண்டுதோறும் ஓய்வூதியம் தரும் திட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. மகாராஷ்டிரம் 2021-ல் சட்டத்தைத் திருத்தி, 50 வயதான மரங்களைப் பாரம்பரிய மரங்களாக்கியது. நாம் புளி ஏலத் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைச் சுற்றுச்சூழலுக்குச் செலவிடச் சட்டம் இடம் தருகிறது. திருப்பூர், கோவை ஆலைகளிடம் மரக்கன்றுக்குக் கேட்கும் பணத்தில் கொஞ்சத்தைக் கிழமரத்துக்கும் கேட்கலாம்.

ஆனால் ஒப்பந்தம் எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் கெடுகிறது. ‘விறகு எனக்கு, கூலி வேண்டாம்’ என்று வருபவரிடம் கொடுத்தால், பருத்த நல்ல வாதுகள்தான் முதலில் விழும். கூலி மரத்துக்கு இவ்வளவு என்று தனியாக இருக்க வேண்டும். விறகை நிர்வாகம் வேறாக விற்கட்டும். மதிப்பீட்டில் பரிசோதனை, கயிறேறிகள், இரட்டைக் கயிறு, காப்பீடு, மண் வேலை எல்லாவற்றுக்கும் தனித்தனி இனம் வேண்டும். முள் செருப்பு மாட்டிப் பச்சைமரத்தில் ஏறக் கூடாது என்று நிபந்தனையிலேயே எழுத வேண்டும். தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, மூன்றாம் ஆண்டு ஆய்வுக்குப் பிறகே கொடுக்க வேண்டும்.

கோவையில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இருக்கிறது, மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரி இருக்கிறது. தென்னை ஏறும் இளைஞர்களில் விருப்பமுள்ளவர்களுக்கு அங்கே பயிற்சி கொடுக்க, மாவட்டப் பசுமைக் குழு அடுத்த ஏலத்துக்கு முன்பே ஏற்பாடு செய்யலாம். மரம் வெட்ட அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு மனுவுடனும் தூர்ச்சுவரின் கனத்தை அளந்த சான்றை இணைக்கச் சொல்லும்படியும் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மரப் பராமரிப்புப் பணியில் உள்ளோர்,
பொள்ளாச்சி.