காவுட்ஸ்கியின் நான்கு நிபந்தனைகளும் மலையகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாற்றம், புரட்சி பற்றி அண்மைக் காலத்தில் எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி தலைகாட்டுகிறது: "நாங்கள் புரட்சிகரக் கட்சி, ஆனால் புரட்சியை உண்டாக்கும் கட்சி அல்ல." ஜெர்மன் மார்க்சிய அறிஞர் கார்ல் காவுட்ஸ்கி எழுதியது. இதை எடுத்துக்காட்டி, காலம் கனியும்வரை கைகட்டி இருப்பதே மார்க்சியம் என்கிறார்கள் ஒரு சாரார். காவுட்ஸ்கி அப்போதே மார்க்சியத்தைக் கைவிட்ட ஓடுகாலி என்கிறார்கள் மறுசாரார். வாக்கியம் இருக்கும் 'அதிகாரத்துக்கான பாதை' நூலை இரு தரப்பும் படித்ததாகத் தெரியவில்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தின் இளைஞர்கள் படிக்க வேண்டிய நூல் அது என்பதால்தான் இந்தக் கடிதம்.

அந்த வாக்கியம் முதலில் வந்தது 1893இல், காவுட்ஸ்கி ஆசிரியராக இருந்த 'நொய்ய சைட்' ஏட்டில். 1909இல் பேர்லினில் வெளியான 'அதிகாரத்துக்கான பாதை' நூலின் ஐந்தாம் அத்தியாயத்தில் அதையே மீண்டும் எடுத்து விளக்கினார். புரட்சியை நாள் குறித்து வரவழைக்க எங்களால் முடியாது, அதைத் தடுத்து நிறுத்த எதிரியாலும் முடியாது என்பதே விளக்கம். என்ன விலை கொடுத்தேனும் புரட்சி என்பதும் தவறு, என்ன விலை கொடுத்தேனும் சட்டவழி என்பதும் தவறு என்று அத்தியாயத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. இரண்டாவது பாதியை மேற்கோள் காட்டுவோர் விட்டுவிடுகிறார்கள். காத்திருக்கச் சொன்ன நூலென்றால், ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் நிர்வாகக் குழு அதைக் கண்டு ஏன் அஞ்சியது? தேசத்துரோக வழக்கு வரும் என்று பயந்து மறுபதிப்பை நிறுத்தப் பார்த்தார்கள். கட்சியின் இடதுசாரித் தலைவர்களில் ஒருவரான கிளாரா செட்கின் காவுட்ஸ்கி பக்கம் நின்றார். கடைசியில் சில வரிகள் தணிக்கப்பட்டு, பொறுப்பு ஆசிரியருடையதே என்ற குறிப்போடு நூல் வந்தது. 1914இல் காவுட்ஸ்கியோடு முற்றாக முறித்துக்கொண்ட பிறகும் லெனின், சந்தர்ப்பவாதிகளுக்கு எதிராக அவர் எழுதியவற்றில் இதுவே கடைசியும் சிறந்ததும் என்றுதான் சொன்னார்.

நூலின் உயிர் ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறது. ஓர் ஆட்சி புரட்சியால் விழ நான்கு நிபந்தனைகள் ஒன்றுகூட வேண்டும் என்கிறார். பெருந்திரளான மக்கள் அந்த ஆட்சியைத் தீர்க்கமாக வெறுக்க வேண்டும். அதனோடு சமரசத்துக்கு இடமில்லாத எதிர்ப்பில் நிற்கும் பெரிய, கட்டுக்கோப்பான கட்சி இருக்க வேண்டும். அந்தக் கட்சி பெரும்பான்மையோரின் நலனைப் பிரதிநிதித்துவப்படுத்துவதோடு அவர்களுடைய நம்பிக்கையையும் பெற்றிருக்க வேண்டும். நான்காவதாக, ஆட்சியின் கருவிகளான அதிகாரிகளும் படையினருமே அதன் பலத்திலும் நிலைப்பிலும் நம்பிக்கை இழந்திருக்க வேண்டும்.

நான்கில் மூன்று கூடிவிட்டால் முக்கால்வாசிப் புரட்சி வந்துவிட்டது என்று கணக்குப் போடுவதுதான் இதைப் படிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு. ஒன்று குறைந்தால் மற்ற மூன்றின் பலன் எதிரியின் கைக்கே போகும். இலங்கையில் இதற்குச் சாட்சி உண்டு. 1953இல் ஒரு கொத்து (முகத்தல் அளவை) பங்கீட்டுக் கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறியது. ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலில் (முழு அடைப்பில்) மேற்கு, தெற்குக் கரையோரம் கொதித்தது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அப்போதும் படை கலங்கவில்லை, அதே கட்சியே தொடர்ந்து ஆண்டது. 2022 ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகை மக்கள் கையில் இருந்தது. 20ஆம் திகதி பாராளுமன்றத்தில் 134 வாக்குகளால் புதிய ஜனாதிபதி தெரிவானார். 22ஆம் திகதி விடியுமுன் போராட்டக்காரர் கூடியிருந்த காலிமுகத்திடலில் படை இறங்கிவிட்டது. வெறுப்பு மலையளவு இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் இல்லாததால், ஒருகணம் தடுமாறிய அரசு பதின்மூன்று நாளில் நிமிர்ந்துகொண்டது.

மலையகத்தைப் பொறுத்தவரை வரலாறு முழுக்க அறுந்து கிடப்பது மூன்றாவது நிபந்தனைதான். அது இயல்பாக அறுந்ததல்ல, அறுக்கப்பட்டது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்ட காலத்தில் வேலைநிறுத்த அலை மலையெங்கும் ஓடியது. அதே ஆண்டு ஊவாவின் வேவஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாமே ஒரு கமிட்டியைத் தெரிவு செய்தார்கள். அதைக் கலந்தாலோசித்து நடக்கத் துரை (தோட்ட மேலாளர்) இணங்க வேண்டியதாயிற்று. 1935இல் பிறந்த இடதுசாரிக் கட்சியான சமசமாஜக் கட்சிக்கு லயத்து (தோட்டக் குடியிருப்பு) மக்களிடம் நம்பிக்கை முளைத்த காலம் அது. 1947 தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இம்மக்களின் குடியுரிமை போயிற்று, 1949இல் வாக்குரிமையும் போயிற்று. இடதுசாரிகள் பாராளுமன்றத்தில் அதை எதிர்த்தார்கள் என்பது மறக்கக் கூடாத உண்மை. ஆனால் 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்தில் அமர்ந்தது. அந்த ஒக்டோபரில் இம்மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோதும் அமைச்சர் பதவிகளில் இருந்தது. காவுட்ஸ்கியின் இரண்டாம் நிபந்தனையைக் கைவிட்டவர்கள் மூன்றாவதையும் இழந்தார்கள். இது எங்கள் மக்களுக்கு நேர்ந்த அநீதி என்பதோடு, இந்த நாட்டின் இடதுசாரி இயக்கத்தின் முதுகெலும்பு முறிந்த இடமும் அதுதான்.

வாக்குரிமையைப் பற்றி நூலே பேசுகிறது. பிரஷ்யாவில் அப்போது வாக்காளரை வரியளவால் மூன்று வகுப்பாகப் பிரிக்கும் முறை இருந்தது. அதை உடைப்பதை உடனடிப் போராட்டங்களில் ஒன்றாக காவுட்ஸ்கி வைத்தார். வாக்குச்சீட்டை இழிவாகப் பேசும் இளைஞர்கள் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும்.

வாசகர் வட்டங்களில் இந்நூலை எடுப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். மொத்தம் ஒன்பது அத்தியாயங்கள். முதல் மூன்றையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம்; இரண்டாவதில் மார்க்சும் ஏங்கெல்சும் புரட்சியின் நாளைக் கணிப்பதில் ஏன் தவறினார்கள் என்ற பகுதியை மட்டும் நிறுத்திப் படியுங்கள். பொருளாதார வளர்ச்சியையும் மனித விருப்புறுதியையும் பற்றிய நான்காவது வறண்டது என்று பலர் தாண்டிப் போகிறார்கள். தாண்டினால் பின்னால் வரும் அத்தனையும் விதிவாதமாகவே, எல்லாம் தானாகவே நடக்கும் என்பதாகவே தோன்றும். காத்திருப்பு வாதம் பிறப்பது இப்படிப்பட்ட அரைகுறை வாசிப்பில்தான். ஐந்தையும் ஆறையும் பிரிக்காமல் ஒரே நாளில் வாசிக்க வேண்டும்.

எட்டாவது அத்தியாயம் கூலியையும் விலைவாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. முதலாளிகள் சங்கம் கட்டி ஒன்றுபடும்போது தொழிற்சங்கத்தின் பலம் எங்கே முட்டி நிற்கிறது என்று காட்டுகிறது. இதை வாசிக்கும்போது ஜெர்மன் எண்களை மனப்பாடம் செய்யாமல் செக்ரோல் (தோட்டத்து வருகைப் பதிவேடு) சம்பளத் துண்டுகளை எடுத்து வையுங்கள். நாட்சம்பளத்தை முப்பதால் பெருக்கிவிடுவது வழக்கமான பிழை. கிடைத்த பேர் (முழு நாள் வேலையாகப் பதியப்பட்ட நாட்கள்) எத்தனை, அரைப்பேர் எத்தனை என்று முதலில் எண்ண வேண்டும். இருபது பேர், ஆயிரம் ரூபா என்றால் 20,000; சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 1,600 போனால் 18,400. அதிலிருந்து சங்கச் சந்தா, கடன் ஆகியவற்றைக் கழித்து, மிச்சத்தை ஒரு கிலோ கோதுமை மாவின் அந்த மாத விலையால் வகுங்கள். மாதத்துக்கு மாதம் இந்த ஓர் எண்ணை எழுதி வந்தாலே போதும். 2021 மார்ச்சில் 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா கொடுப்பனவுமாக ஆயிரம் ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். அதே ஆயிரத்தின் பெறுமதி ஓராண்டுக்கு முந்தைய விலையில் 589 ரூபாதான். யாரும் சம்பளத்தை வெட்டவில்லை, கூலி குறைந்துவிட்டது. அந்த அத்தியாயம் சொல்வது இதைத்தான்.

நூலின் குறையையும் மறைக்கக் கூடாது. அதிகாரத்தைக் கைப்பற்றிய பிறகு பழைய அரசு இயந்திரத்தை என்ன செய்வது என்பதற்கு அதில் விடை இல்லை. லெனின் 1917இல் 'அரசும் புரட்சியும்' நூலில் பிடித்துக்காட்டியது இந்த ஓட்டையைத்தான். 1910இல் வெகுஜன வேலைநிறுத்தம் பற்றி அதே கட்சியின் இடதுசாரித் தலைவர் ரோசா லக்சம்பேர்க் எழுதிய கட்டுரையை காவுட்ஸ்கி தம் ஏட்டில் வெளியிட மறுத்தார். 1912இல் அவரது கட்சி 110 ஆசனங்களோடு ரைக்ஸ்டாக்கில் (ஜெர்மன் பாராளுமன்றத்தில்) மிகப் பெரிய கட்சியானது. 1914 ஆகஸ்ட் 4இல் அதே கட்சி போர்க்கடனுக்கு வாக்களித்தது. இரண்டாம் நிபந்தனையில் வரும் 'சமரசத்துக்கு இடமில்லாத' என்பதை வாசிக்கும்போது இந்தத் திகதிகளையும் அருகில் எழுதிக்கொள்வது நல்லது.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். காவுட்ஸ்கி 1938இலும், ஆங்கிலத்தில் இதை 1909இலேயே பெயர்த்த ஏ. எம். சைமன்ஸ் 1950இலும் காலமானார்கள். ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு என்ற கணக்குப்படி இரண்டுக்கும் பதிப்புரிமைத் தடை இன்று இல்லை. ஐந்தாம், ஆறாம், எட்டாம் அத்தியாயங்களைத் தங்கள் ஞாயிறு இதழில் தமிழில் தொடராக வெளியிடுங்கள். எட்டாவதில் உள்ள கூலி விவரங்களுக்குக் கீழே, பெட்டிச் செய்தியாக, மலையகத்தின் நாட்சம்பளத்தையும் அந்தந்த ஆண்டின் மா, அரிசி விலையையும் சேர்த்து அச்சிட்டால் தோட்டங்களில் வாசிப்போருக்கு மிகவும் உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தலவாக்கலை.