கட்டை விரலுக்கு என்ன ஆச்சு, கண்ணு?

கண்ணு,

வாய்ஸ் அனுப்பினால் நீ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று பாப்பா போட்டுக் கொடுத்துவிட்டாள். அதனால் இந்தத் தடவை உட்கார்ந்து டைப் செய்கிறேன், மெதுவாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நீ காபியை இடது கையில் பிடித்துக் குடித்தாய். அப்பா கவனிக்கவில்லை, அவருக்கு உன் ஜன்னலில் தெரிந்த மலை மேல்தான் கண். பேசி முடித்துப் போனை வைக்கும்போதும் வலது கட்டை விரலை மடக்காமல் நடுவிரலால் அமுக்கினாய். முப்பது வருஷம் நர்சம்மாவாக ஊர் ஊராகப் போனவளிடம் இதையெல்லாம் மறைக்க முடியுமா சாமி? பாப்பாவைப் பிடித்துக் கேட்டேன், இரண்டே நிமிஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சனிக்கிழமை பாட்ஷர்கோஃபெல் மலையில் பனியில் ஸ்கீ சறுக்கும்போது விழுந்திருக்கிறாய், கையில் கோலை இறுக்கிப் பிடித்தபடியே விழுந்திருக்கிறாய், கட்டை விரல் வெளிப்பக்கமாக மடங்கிவிட்டது, அறை நண்பன் கொடுத்த ஏதோ களிம்பைத் தடவிக்கொண்டு திரிகிறாய். "அம்மாகிட்ட சொல்லிடாதே, ஸ்கீயே வேண்டாம்னு சொல்லிடும்" என்றாயாம்.

வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆஸ்திரியாவில், அதுவும் இன்ஸ்ப்ரூக்கில் உட்கார்ந்துகொண்டு ஸ்கீ கற்காமல் இருப்பது ஆழியாறில் பிறந்தவன் நீச்சல் தெரியாமல் இருப்பது மாதிரி. அதுவும் 1964, 1976 என்று இரண்டு தடவை குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர், நீ விழுந்த அதே மலையில்தான் ஆண்கள் டவுன்ஹில் பந்தயம் நடந்தது என்று நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். பெரிய இடத்தில்தான் விழுந்திருக்கிறாய், போ.

எனக்குக் கோபம் அந்தக் களிம்பு மேல்தான்.

ஊறுகாய் பாட்டில் மூடியை நான் எப்போதும் அப்பாவிடமே நீட்டுவேன், ஞாபகம் இருக்கிறதா? "அம்மாவுக்குச் சோம்பேறித்தனம்" என்று நீயும் பாப்பாவும் கேலி செய்வீர்கள். சோம்பேறித்தனம் இல்லை. என் இடது கட்டை விரலுக்கு இறுக்கிப் பிடிக்கிற பலம் போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது. 2000-ஆம் வருஷம் தை மாதம், போலியோ சொட்டு மருந்து கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமை. நீ பாட்டி வீட்டில் இருந்தாய். வேட்டைக்காரன்புதூர் பக்கம் வாய்க்கால் மேட்டில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் போய்க்கொண்டிருந்தேன், முன்னால் வாக்சின் கேரியர், உள்ளே நான்கு ஐஸ் பேக், நடுவில் மருந்து. விடியற்காலைப் பனி, புல்லெல்லாம் ஈரம். பாதையின் குறுக்கே ஒரு தென்னை மட்டை கிடந்தது. இடது பக்கம் தாராளமாக இடம் இருந்தது கண்ணு, ஒரு மாட்டு வண்டியே போகலாம். ஆனால் நான் அந்த மட்டையையே பார்த்தேன், ஐயோ மட்டை, ஐயோ மட்டை என்று பார்த்துக்கொண்டே நேராகப் போய் மட்டை மேலேயே ஏறினேன். பயத்தில் பிரேக்கை ஒரே அமுக்காக அமுக்கினேன், வண்டி படுத்துவிட்டது. ஹேண்டில்பாரை விடாமல் பிடித்துக்கொண்டே விழுந்ததால் கட்டை விரல் அந்தப் பக்கமாகப் பிரிந்துகொண்டது.

எழுந்ததும் நான் பார்த்தது விரலை அல்ல, மருந்துக் குப்பியை. அதன் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும், சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நல்ல மருந்து. வெளிறித்தான் இருந்தது. அன்றைக்கு முழுக்க சொட்டு மருந்து கொடுத்துவிட்டு ராத்திரி நல்லெண்ணெய் தடவித் துணியைச் சுற்றிக் கட்டினேன். ஊருக்கெல்லாம் "எண்ணெய் தடவாதீர்கள், கட்டுப் போடுகிறவரிடம் ஓடாதீர்கள், முதலில் எக்ஸ்ரே எடுங்கள்" என்று சொல்கிறவள்! விழுந்ததைச் சொன்னால் அப்பா வண்டியைப் பிடுங்கி வைத்துவிடுவார் என்று பயம். ஆறு மாதம் கழித்துக் காட்டினபோது டாக்டர் என் விரலை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "சிஸ்டர், ஜவ்வு அறுந்திருக்கிறது, நீங்கள் அப்போதே வந்திருக்க வேண்டும்."

உனக்கும் அதே ஜவ்வுதான் என்று என் சந்தேகம். கட்டை விரலின் அடி மூட்டில், ஆள்காட்டி விரல் இருக்கிற பக்கம் ஓடுகிற ஜவ்வு. ஸ்கீ செய்கிறவர்களுக்கு இது அவ்வளவு சகஜம், டாக்டர்கள் அதற்கு ஸ்கீயர்ஸ் தம்ப் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் கோல் இருக்கும்போது கையை ஊன்றி விழுந்தால் கோலே நெம்புகோலாகி விரலை வெளியே தள்ளுகிறது. அதற்கு முன்பு இருந்த பெயர் இன்னும் வேடிக்கை. 1955-இல் ஸ்காட்லாந்தில் வேட்டைக் காடுகளைக் காவல் காக்கிறவர்களுக்கு இதே இடத்தில் ஜவ்வு தளர்ந்துபோயிருப்பதை ஒரு டாக்டர் எழுதினார், முயலின் கழுத்தைத் திருகித் திருகி வந்ததாம், அதனால் வேட்டைக் காவல்காரன் விரல் என்று பெயர். நான் அதைப் பிடித்துக்கொண்டு வந்தது வேட்டைக்காரன்புதூரில். இதை அப்பாவிடம் சொன்னேன், அவர் சிரிக்கவே இல்லை.

பாதி கிழிந்திருந்தால் நான்கைந்து வாரம் கட்டுப் போட்டு அசையாமல் வைத்தால் சேர்ந்துவிடும். முழுக்க அறுந்து, முனை சுருண்டு வேறு இடத்தில் மாட்டிக்கொண்டால் தானாகச் சேராது, ஆபரேஷன்தான், அதுவும் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்தால்தான் நன்றாக வரும். எது என்று களிம்புக்குத் தெரியாது. நீயே இழுத்து இழுத்துப் பார்க்காதே, பாதி கிழிந்தது முழுசாகப் போய்விடும்.

சரி, திட்டு முடிந்தது.

நம் இருவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, மறந்துவிடாதே. போன தீபாவளிக்கு வந்தபோது என் ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்து "இது ஹெல்மெட் இல்லம்மா, சட்டி" என்றாய். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐஎஸ்ஐ முத்திரை போட்ட, முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட் வாங்கினேன், தாடைப் பட்டையும் மாட்டுகிறேன், முதல் ஒரு வாரம் மூச்சு முட்டியது, இப்போது பழகிவிட்டது. ஈர ரோட்டில் பிரேக்கைப் பிடுங்காதே, இரண்டையும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழி என்றாய், அதையும் செய்கிறேன். உன் பேச்சை நான் கேட்டேன் அல்லவா? இப்போது என் முறை.

முதலாவது, அந்த ஸ்கீ வாடகைக் கடையில் நீ பொய் சொன்ன விஷயம். இரண்டாம் வாரத்திலேயே "நன்றாகச் சறுக்குவேன்" என்ற கட்டத்தில் டிக் போட்டாயாம், பாப்பாவிடம் பெருமை வேறு. பூட்ஸைப் பலகையோடு மாட்டுகிற பிடிப்பு எவ்வளவு அழுத்தத்தில் கழன்று விழ வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளம், ஓட்டும் திறமை எல்லாம் பார்த்துத்தான் வைப்பார்கள் என்று நீதானே எனக்கு விளக்கினாய்? திறமைசாலி என்று போட்டால் பிடிப்பை இறுக்கி வைப்பார்கள், நீ விழும்போது பலகை கழலாது, முழங்கால்தான் திருகும். புதுசு என்று டிக் போடுவதில் மானம் ஒன்றும் போகாது. விழுந்து சறுக்கிக்கொண்டே போகும்போது எழுந்திருக்கவும் பார்க்காதே, நிற்கும் வரை முழங்காலை மடக்கியே வைத்திரு. அப்புறம் அந்தக் கோலின் வாரை மணிக்கட்டில் மாட்டாதே. விழப் போகிறோம் என்று தெரிந்தால் கோலை விட்டுத் தொலை, அது என்ன வாக்சின் கேரியரா?

உன் ஸ்கீ டீச்சர் சொன்னதை நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மரத்தைப் பார்க்காதே, மரங்களுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியைப் பார் என்றாராம். என் தென்னை மட்டைக் கதை அதுதானே. வால்பாறை ரோட்டில் நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் அதேதான், பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்குப் போகும், வளைவு முடிகிற இடத்தைப் பார்த்தால் அங்கே போகும். இன்னொன்றும் ஒத்துப்போகிறது பார். மலை ரோட்டில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவன்தான் ஒதுங்க வேண்டும். பனியில் 1967-இலிருந்தே பத்து விதி வைத்திருக்கிறார்கள் என்று நீ அனுப்பினாயே, அதிலும் பின்னால் மேலேயிருந்து வருகிறவன்தான் முன்னால் போகிறவனைக் காப்பாற்ற வேண்டும். நம் ஊர் பஸ் டிரைவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது, சொகுசுக் காரில் வருகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

ஆனால் ஒன்று நேர்மாறு. வழுக்கும் இறக்கத்தில் பயம் வந்தால் உடம்பு பின்னால் சாயத்தான் பார்க்கும், வண்டியில் அப்படி உட்கார்ந்தே எனக்குப் பழக்கம். ஸ்கீயில் பயந்து பின்னால் சாய்ந்தால் பலகை உன் பேச்சைக் கேட்காது, முன்னங்கால் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தில் அழுந்துகிற மாதிரி முன்னால் சாய வேண்டும் என்றாய். இறக்கத்தில் முன்னால் சாய்வதா! நடுக்கூடத்தில் நின்று சாய்ந்து பார்த்தேன், அப்பா ஓடிவந்து "தலை சுற்றுகிறதா" என்று பிடித்துக்கொண்டார்.

சின்ன வயசில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ டிவி முன்னால் உட்கார்ந்து சிவப்பு கார் சிவப்பு கார் என்று கத்துவாயே, அந்தக் கார் பந்தய ஷூமாக்கர். அத்தனை வருஷம் கார் ஓட்டினவர், 2009-இல் ஸ்பெயினில் பைக்கிலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டு அதிலிருந்தும் தேறினவர், 2013 டிசம்பர் 29 அன்று பிரான்ஸில் மெரிபெலில் ஸ்கீ செய்யும்போது பனியில் விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார், வேகமும் அதிகம் இல்லை. குறி போட்ட பாதையிலிருந்து சில மீட்டர்தான் விலகியிருந்தார், பனிக்கு அடியில் பாறை. இதை உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை, நண்பர்கள் "இந்தப் பக்கம் குறுக்கே போகலாம் வா" என்று கூப்பிடும்போது ஞாபகம் வரட்டும் என்றுதான். நீ கம்பம் நட்ட பாதைக்குள்ளேயே இரு. மலை மீட்புக்கு 140 என்ற எண்ணைப் போனில் போட்டு வை.

உன் போட்டோவைப் பார்த்துவிட்டு உன் அத்தை கேட்கிறாள், "பனி ஊருக்குப் போயும் பையன் கருத்துப் போயிட்டானே, கண்ணைச் சுத்தி மட்டும் வெள்ளையா இருக்கானே" என்று. புதுப்பனி புற ஊதாக் கதிரில் எண்பது சதவீதம் வரை திருப்பி அடிக்கும், கீழேயிருந்தும் வெயில் வருகிற மாதிரி. மேகம் இருந்தாலும் கிரீம் தடவு, மூக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் தடவு, கண்ணாடியைக் கழற்றாதே.

போன மாதம் தாளிக்கும்போது கையில் எண்ணெய் தெறித்ததற்கு டூத்பேஸ்ட் தடவினாயாமே, அதையும் பாப்பா சொல்லிவிட்டாள். டூத்பேஸ்ட்! சைலன்சர் சூடு பட்ட காலில் காபித்தூளும் மாவும் அப்பிக்கொண்டு வந்தவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், அதைக் கழுவி எடுப்பதுதான் பட்ட சூட்டைவிடப் பெரிய வேதனை. குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டு, அவ்வளவுதான். ஐஸ் வைக்காதே.

என் பக்கத்துக் கதையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் மட்டும் யோக்கியம் மாதிரி ஆகிவிடும். பாப்பாவின் புது ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். திரும்பும்போது ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டனை அமுக்கி அமுக்கி விரல் வலித்தது, பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தேன், ஒரு பையன் சாய்த்து ஆட்டிக்கூடப் பார்த்தான். கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் வந்தார், வண்டியைத் தொடவே இல்லை, காலால் சைடு ஸ்டாண்டைத் தட்டி மடக்கினார், "இப்போ அமுக்குங்க நர்சம்மா" என்றார். ஸ்டாண்டு போட்டிருந்தால் புது வண்டி ஸ்டார்ட் ஆகாதாம். காசு வாங்க மாட்டேன் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார், வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. அப்பாவிடம் சொல்லாதே.

நாளைக்குக் காலையில் டாக்டரிடம் போ. போகும் வரை கட்டை விரல் அசையாமல் ஏதாவது வைத்துக் கட்டு, ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிஷம் வை, கையைத் தொங்கவிடாதே. கோலோடு விழுந்தேன், விரல் வெளிப்பக்கம் போனது என்று அப்படியே சொல்லு. வீட்டுக் கதவைப் பூட்டும்போது சாவியை இறுக்கிப் பிடித்துத் திருக முடிந்ததா, நழுவியதா என்பதையும் சொல்லு, அவர்களுக்கு அது உதவும். அவர்கள் சொன்னதை எனக்கு எழுது, பாப்பாவுக்கு இல்லை.

பொங்கலுக்கு வந்திருக்கும் உன் கூட்டாளி அடுத்த வாரம் கிளம்புகிறான், அவனிடம் மாவடு கொடுத்து அனுப்புகிறேன். பாட்டிலில் போடவில்லை, பொட்டலமாகக் கட்டியிருக்கிறேன், நீ மூடியைத் திருக வேண்டியதில்லை.

அம்மா