எங்களுக்காகப் பெரிய வண்டி வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். பிசானப் பருவ நெல்லுக்கு நாற்று பாவியாச்சு, வாய்க்காலில் தண்ணீர் வருகிறது.

காருக்குப் பின்னால் இழுத்துப்போய், நின்ற இடத்தில் விரித்து உள்ளே படுத்துக்கொள்ளும் மடக்கு டிரெய்லர் படங்களை அனுப்பியிருந்தாயே, அம்மாவும் நானும் பார்த்தோம். டிரெய்ல்மேனர் என்ற வண்டியில் சின்னதுக்கு 2720, பெரியதுக்கு 3326 என்று போட்டிருந்ததே, அதை மாப்பிள்ளை போனில் விளக்கினார். விரித்தால் சுமார் 27 அடி, மடித்தால் 20. மற்றது 33, 26. பெயரிலேயே அளவை வைத்தவன் விவரமானவன்தான்.

அப்பா அம்மா வந்தால் படுக்க இடம் வேண்டும், அதனால் பெரியதே எடுப்போம் என்று எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் கார் 5,000 பவுண்டு இழுக்கும் என்பது சரி. ஆனால் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரையும் படம் எடுத்து அனுப்பினாயே, அதுதான் முக்கியம். ஆளும் சாமானும் சேர்த்து 1,300 பவுண்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்கிறது. காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் கொக்கி மேல் உட்காரும் பாரமும் அந்தக் கணக்கில்தான் வரும்.

மாட்டுவண்டியில் தாத்தா நெல் மூடை அடுக்கியதை நீ பார்த்ததில்லை. முன்பாரம் கொஞ்சம் இருந்தே ஆக வேண்டும். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும், மாடு தடுமாறும். டிரெய்லருக்கும் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல் இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் வாலாட்டும். பெரியது சாமானோடு 4,000 பவுண்டு வரும் என்று வைத்துக்கொள். முன்பாரம் 500. நீங்கள் நான்கு பேர் ஒரு 500. மீதி 300தான். அதில் நானும் அம்மாவும் ஏறி உட்கார்ந்தால் ஒரு பெட்டி வைக்கக்கூட வழியில்லை. ஆக, எங்களுக்காக வாங்கும் வண்டியை எங்களை ஏற்றிக்கொண்டு இழுக்க முடியாது!

விளம்பரத்தில் போடும் எடை பெரும்பாலும் வெறும் வண்டியின் எடை. 20 கேலன் தண்ணீர் நிரப்பினாலே 75 கிலோ கூடும். பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அதற்கு மேல்.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு டிராக்டரில் போய்க் குடில் போட்டுத் தங்குவோமே, ஞாபகம் இருக்கிறதா? டிராக்டர் பெட்டி பெரிதாக இருக்கிறதே என்று அம்மா பித்தளை அண்டாவையும் ஏற்றிவிட்டாள். அது குடிலுக்குள் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு நின்றது. நீங்களெல்லாம் வெளியே மணலில் பாய் விரித்துப் படுத்தீர்கள். இடம் இருந்தால் சாமான் தானாக வந்து சேரும். (அம்மாவிடம் இதைச் சொல்லாதே.)

மடக்கு வண்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உயரம் குறைவு, காற்றுப் பிடிக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வைக்கோல் லாரி ஆடுவதைப் பார்த்தவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் மடித்த பிறகு உள்ளே நடமாட முடியாது. வழியில் பிள்ளைக்குப் பால் எடுக்க வேண்டும் என்றால் காரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கூரையைத் தூக்கி இறக்குவதைக் கடைக்காரன் செய்துகாட்டினால் போதாது, நீ தனியாக ஒருமுறை செய்து பார். மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்று நீதான் சொன்னாய்.

சின்னதில் நீங்கள் நான்கு பேர் நன்றாகப் படுக்கலாம் என்று அவரே சொல்கிறார். அப்புறம் என்ன? அதையே எடுங்கள். நாங்கள் வருகிற வருஷம் பக்கத்திலேயே ஒரு கூடாரம் போட்டுக்கொள்ளலாம். அம்மாவுக்கு மட்டும் உள்ளே கட்டில் கொடு. குளிர் அதிகம் என்றால் ஓர் அறை எடுத்துக்கொள்வோம், அந்தச் செலவு என்னுடையது.

முன்பணம் கொடுக்கும் முன் கராஜை உள்ளே அளந்து பார். கொக்கிக் கம்பியின் நீளத்தையும் சேர்த்து அள. கதவின் உயரத்தையும் குறித்துக்கொள். அங்கே பெரும்பாலும் 7 அடிதான் என்கிறார்கள். வெளியே நிறுத்த உங்கள் குடியிருப்புச் சங்கம் விடுமா என்றும் கேள். மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை போனில் சொல். மாப்பிள்ளை பெரியதில் ஆசை வைத்திருப்பதாகத் தெரிகிறது, அவரிடம் நானே பக்குவமாகப் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா