பெரிய டப்பா அவளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

கால் வலி குறைந்திருக்கிறதா? மாவுக்கட்டோடு ஆறு வாரம் படுத்திருக்க வேண்டும், என் நைட் டியூட்டியெல்லாம் என் தோழிதான் பார்க்கிறாள், அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நேற்று போனில் அழுதாயே. போனை வைத்த பிறகும் எனக்கு அதே நினைப்புதான்.

இத்தனை வருஷம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள் நான். உனக்கும் ஒரு டாக்டர் கதைதான் சொல்ல வருகிறது.

லண்டனில் ஜான் ஃப்ரெண்ட் என்று ஒருவர் இருந்தார். 1675-இல் பிறந்தவர். பெயரில் எழுத்து இரண்டு இடம் மாறியிருக்கும், உச்சரிப்பு நம் 'ஃப்ரெண்ட்'தான். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் பாடம் நடத்தினார், ஸ்பெயினுக்குப் படையோடு வைத்தியராகப் போனார், 1722-இல் எம்.பி. ஆனார். நாடு கடந்திருந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தைத் திரும்பக் கொண்டுவர அட்டர்பரி என்ற பிஷப் சதி செய்தார் என்று ஒரு வழக்கு. அதில் இவர் மேலும் சந்தேகம். 1723 மார்ச்சில் லண்டன் டவர் கோட்டையில் அடைத்துவிட்டார்கள். நல்ல பிராக்டீஸ் உள்ள டாக்டர், திடீரென்று கையைக் கட்டிப் போட்ட மாதிரி.

அவருடைய நண்பர் ரிச்சர்ட் மீட், அவரும் பேர்போன வைத்தியர். அரசியலில் இருவரும் எதிரெதிர் கட்சி. ஆனாலும் ஃப்ரெண்டின் நோயாளிகளை மீட் பார்த்துக்கொண்டார். பிரதமர் வால்போலுக்கு உடம்பு சரியில்லாதபோது, என் நண்பனை விட்டால்தான் மருந்து எழுதுவேன் என்றாராம். ஜூன் மாதம் ஃப்ரெண்ட் வெளியே வந்ததும், உன் நோயாளிகள் கொடுத்த ஃபீஸ் என்று 5,000 கினி (அந்தக் கால இங்கிலாந்துத் தங்கக் காசு) கையில் கொடுத்தாராம். இந்த இரண்டும் வழிவழியாகச் சொல்லப்படுபவை. எனக்கு நம்பத்தான் தோன்றுகிறது.

உள்ளே இருந்த ஃப்ரெண்ட் என்ன செய்தார் தெரியுமா? பெரியம்மையைப் பற்றி லத்தீனில் மீடுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மருத்துவ வரலாறு எழுதும் வேலையையும் அங்கேதான் தொடங்கினார். ஜெனீவாவின் டானியல் லெக்லெர்க் அதற்கு முன்பே அப்படி ஒரு வரலாறு எழுதியிருந்தார். ஆனால் கேலன் என்ற பழைய கிரேக்க வைத்தியரோடு நிறுத்திவிட்டு, பின்னால் வந்த கிரேக்க, அரபு வைத்தியர்களைச் சுருக்கமாகத் தாண்டிவிட்டார். ஃப்ரெண்டுக்கு அது பொறுக்கவில்லை. ஒரிபாசியஸ், டிரால்லஸ் ஊர் அலெக்சாண்டர், ஏஜினா பால், அப்புறம் ராஸி, இப்னு சீனா என்று ஒவ்வொருவராக எடுத்துப் படித்து, அவரவர் பங்கை எழுதினார். 1725-26-இல் இரண்டு பாகமாக அச்சானது. அந்தப் புத்தகத்தையும் மீடுக்கு எழுதும் கடிதமாகவே அமைத்தார், பாப்பா. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1728-இல் போய்விட்டார், ஐம்பதைத் தாண்டிக் கொஞ்ச வருஷம்தான் வாழ்ந்தார்.

சரி, உன் தீசிஸில் பாக்கி இருக்கிற அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொள். அவள் டியூட்டி முடிந்து வரும்போது 'ஸாரி' சொல்லிக்கொண்டிருக்காதே. உட்காரவைத்துச் சாப்பிடச் சொல். ராத்திரி வார்டில் என்ன கேஸ் வந்தது என்று கேள், அவளுக்கும் யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருக்கும்.

கூரியரில் பொருள்விளங்கா உருண்டை அனுப்பியிருக்கிறேன். பெரிய டப்பா அவளுக்கு, சின்னது உனக்கு.

அன்புடன்,
அம்மா