மேலத்தெரு தங்கச்சிக்கு சீட்டு கிடைச்சிருச்சு

8.2.2022

அன்புள்ள மாப்ளே,

இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. நீ கொடுத்துவிட்ட பனியன் அப்பாவுக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. தங்கச்சியையும் பிள்ளைங்களையும் கேட்டதாச் சொல்லு.

போன்லயே சொல்லியிருப்பேன். நான் கூப்பிடும்போது நீ ஷிப்டுல இருக்கே, நீ கூப்பிடும்போது நான் நம்ம கட்சிப் பெரியவர் முன்னாடி நிக்கறேன். இது அரையும் குறையுமாச் சொல்ற சேதி இல்ல. நேத்தோட பேரூராட்சித் தேர்தல் வேட்புமனு வாபஸ் முடிஞ்சு இறுதிப் பட்டியல் ஒட்டிட்டாங்க. நம்ம வார்டுல மேலத்தெரு தங்கச்சிதான் நம்ம வேட்பாளர். நம்ம சின்னத்துல நிக்கறா! இவதான் கட்சி வேட்பாளர்னு சொல்ற பி பாரத்தை வாங்கினதும் முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, ‘அண்ணே, எங்க அம்மாகிட்ட காட்டிட்டு வந்துடறேன்’னா. நேரமாச்சுன்னு நான்தான் அதட்டி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனேன்.

எப்படிக் கிடைச்சுதுன்னு நீ கேப்பே. முதல்ல இருந்து சொல்றேன்.

நம்ம வார்டு பெண்கள் பொதுன்னு, அதாவது எந்தச் சாதிப் பெண்ணும் நிக்கலாம்னு ஆனது உனக்குத் தெரியும். ஜனவரி நடுவுல தலைவர் பதவிக்கும் இட ஒதுக்கீடு அரசாணை வந்துச்சு. நம்ம பேரூராட்சியும் பெண்கள் பொது. அன்னிக்கு சாயங்காலமே ஊர்ல நிலவரம் மாறிப்போச்சு. 2011ல தலைவருக்கு ஒரு ஓட்டு, வார்டு உறுப்பினருக்கு ஒரு ஓட்டுன்னு ஊரே போட்டுச்சே, இப்ப ஒரே ஓட்டுதான். ஜெயிச்ச உறுப்பினருங்க மார்ச் 4ந் தேதி உக்காந்து தலைவரைத் தேர்ந்தெடுக்கணும். ஆக, தலைவராகணும்னா மொதல்ல ஒரு வார்டுல ஜெயிச்சாகணும். நம்ம ரோடு காண்ட்ராக்டர் இருக்கற வார்டு எஸ்.சி. பெண்கள்னு போயிருச்சு. அவர் வீட்டம்மாவுக்கு ஒரு வார்டு தேடினார். நம்ம வார்டு மேல கண்ணு விழுந்துச்சு.

கட்சிக்கிட்ட சீட்டு கேட்டு விருப்ப மனு நம்ம வார்டுக்கு ஆறு வந்துச்சு. அதுல நாலு பேரோட மனுவை வீட்டுக்காரருங்கதான் பூர்த்தி பண்ணி, வீட்டுக்காரருங்கதான் கொண்டுவந்து கொடுத்தாங்க. பெண்களுக்கு மூணுல ஒரு பங்குன்னு 1996ல இருந்து இருக்கு, 2016ல அதைப் பாதியா ஆக்கி சட்டம் வந்துச்சு. இத்தனை வருசம் கழிச்சும், வார்டு பெண்கள்னு ஆனா ‘யாரோட சம்சாரத்தை நிறுத்தறது’ன்னுதான் மொதக் கேள்வியே வருது. நம்ம கட்சியிலயும் அதான், எதிர்க்கட்சியிலயும் அதான். எனக்கு வயிறு எரியுது மாப்ளே. கூட்டத்துல முன் வரிசை நிரம்பணும்னா பெண்கள் வேணும், பூத்துல காலையில ஏழு மணியில இருந்து உக்காரப் பெண்கள் வேணும், சீட்டுன்னு வந்தா மட்டும் ‘அவங்களுக்கு என்ன தெரியும்’.

இவளுக்குத் தெரியாதது என்ன இருக்கு சொல்லு? சட்டமன்ற வாக்காளர் பட்டியலை வார்டு வாரியா உடைச்சுத்தானே உள்ளாட்சிப் பட்டியல் போடறாங்க. வார்டு மறுவரையறையில மேலத்தெருவை ரெண்டாப் பிரிச்சாங்கல்ல, அதுல பிள்ளையார் கோயில் பக்கம் பல வீடு பக்கத்து வார்டுல ஏறியிருந்துச்சு. ஒரே வீட்டுல மாமியா ஒரு வார்டு, மருமக ஒரு வார்டு. இதைக் கண்டுபிடிச்சது நானும் இல்ல, நம்ம கட்சிப் பேரூர்ச் செயலாளரும் இல்ல. அவதான். நவம்பர்ல வரைவுப் பட்டியல் வந்தப்போ அந்த மழையில வீடு வீடாப் போனா. பேரு சேர்க்கப் படிவம் 6 யாருக்கு, நீக்க 7 யாருக்கு, திருத்த 8 யாருக்குன்னு பிரிச்சு ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருந்தா. இறந்தவங்க பேரை நீக்கச் சொல்லி 7 கொடுக்க அந்தந்த வீட்டுலயே சங்கடப்பட்டாங்க. போன வருசக் கொரோனாவுல போனவங்க நம்ம தெருவுலயே எத்தனை பேரு, உனக்குத் தெரியாதா? அந்த வீடுகள்ல தனியா உக்காந்து பேசி, அழவிட்டு, அப்புறம்தான் கையெழுத்து வாங்கினா.

அவ வச்சிருக்கற நோட்டைப் பாக்கணும் நீ. பள்ளிக்கூடப் பிள்ளைங்க எழுதற நோட்டு. வீட்டுக்கு ஒரு பக்கம். மேல கதவு எண், கீழ ஒவ்வொருத்தர் பேரு, பட்டியல் வரிசை எண், இப்ப எங்க இருக்காங்க. திருப்பூர்னா ‘தி’, சென்னைன்னா ‘செ’, வெளிநாடுன்னா ஒரு கோடு. ஓரத்துல முதியோர் பென்ஷன் வருதா, ரேஷன் கார்டுல பேரு இருக்கா, வாசல்ல சாக்கடை அடைச்சிருக்கா, குழாயில தண்ணி எத்தனை மணிக்கு வருது. உன் வீட்டுக்கான பக்கத்துல மூணு ‘தி’ போட்டிருக்கா, அதுக்குப் பின்னாடி வரேன்.

நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன். மண்டபத்துல வார்டு வாரியாக் கூப்பிட்டாங்க. காண்ட்ராக்டர் வீட்டம்மா உள்ள போனப்ப அவரும் கூடவே போய் உக்காந்தார், எல்லாத்துக்கும் அவரே பதில் சொன்னார். அந்தம்மா வாயைத் திறக்கவே இல்ல. பாவம், அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன், அவங்களை யார் கேட்டா? நம்ம தங்கச்சி போனதும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, ‘வீட்டுக்காரர் என்ன பண்றார்?’ லாரி ஓட்டறாருன்னா. ‘அவர் சம்மதிச்சாரா? எவ்வளவு செலவு பண்ணுவார்?’ அதுக்கு இவ, ‘மனு போட்டது நான்தாங்கய்யா. கேள்வியையும் என்கிட்டயே கேளுங்க. பணம் இல்ல. வார்டுல ஒவ்வொரு வீடும் தெரியும்’னு சொல்லிட்டு நோட்டை எடுத்து மேசையில வச்சா. அவர் ரெண்டு பக்கம் புரட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, ‘இதை நீங்க எழுதிக் கொடுத்தீங்களா?’ன்னார். எனக்கு வந்த கோவம்!

நோட்டைப் பாத்து மனசு மாறித்தான் சீட்டு கொடுத்தாங்கன்னு நினைச்சுக்காதே. அப்படி நடந்திருந்தா நான் இவ்வளவு நீளம் எழுத மாட்டேன். வேட்புமனு கடைசி நாள் 4ந் தேதி, அதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி வரைக்கும் நம்ம வார்டு காண்ட்ராக்டருக்குன்னுதான் பேச்சு. பெரியவர் ஒருத்தர்தான் மாவட்டச் செயலாளர்கிட்ட, 2011ல நம்மள்லயே ரெண்டு பேர் நின்னு வார்டு கைவிட்டுப் போன கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டே இருந்தார். மகளிர் குழுக்காரங்க வேற பேரூர்ச் செயலாளர் வீட்டு வாசல்ல போய் நின்னாங்க. சத்தம் போடல, கோஷம் போடல, சும்மா நின்னாங்க. கடைசியில காண்ட்ராக்டருக்கு ஏழாம் வார்டைக் கொடுத்துட்டு நம்ம வார்டை விட்டாங்க.

ஏழாம் வார்டுன்னா யாருன்னு உனக்குப் புரிஞ்சிருக்கும். நம்ம தையக்கார அக்கா.

அதான் மாப்ளே எனக்குத் தூக்கம் வரல. நம்ம வார்டு பிழைச்சுதுன்னு சந்தோஷப்பட முடியல. அக்கா அப்பா காலத்துல இருந்து கட்சி. 2016 உனக்கு மறந்திருக்காது. நீ அக்டோபர் 3ந் தேதி மாலையும் கழுத்துமாப் போய் மனு போட்டே, மறுநாள் ஹைகோர்ட் தேர்தலையே ரத்து பண்ணிருச்சு. உன் நோட்டீஸ் அடிச்ச பிரஸ்காரர் இன்னும் என்னைப் பாத்தா உன்னைத்தான் விசாரிக்கறார், சீக்கிரம் வந்து கணக்கை முடி. அந்தத் தடவை அக்காவும் மனு போட்டு, காது தோட்டை அடகு வச்சுச் செலவு பண்ணினாங்க. அதுக்கப்புறம் அஞ்சு வருசத்துக்கு மேல உறுப்பினரே இல்லாம அதிகாரிங்க கையில ஊர் கிடந்தப்போ, தெருவிளக்குக்கும் தண்ணிக்கும் மனு எழுதிக்கிட்டு ஆபீஸ் படி ஏறினது யாரு? அவங்கதானே. இப்ப அவங்களுக்குச் சொன்ன சமாதானம், ‘அடுத்த தடவை பாத்துக்கலாம்’.

அக்கா சுயேச்சையா மனு போட்டுட்டாங்க. வாபஸ் வாங்கச் சொல்லி என்னைப் போகச் சொன்னாங்க. ‘நீ சொன்னா கேப்பாங்க’ன்னாங்க. கேட்டிருப்பாங்கதான், அதனாலதான் நான் போகல. வேற யாராவது போங்க, என்னால அந்த வாசல்ல நின்னு அதைச் சொல்ல முடியாதுன்னு பேரூர்ச் செயலாளர் முகத்துக்கு நேராவே சொல்லிட்டேன். வேற ரெண்டு பேர் போனாங்க, அக்கா அவங்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிட்டாங்க. நேத்து மூணு மணி தாண்டிருச்சு. பூட்டு சாவி சின்னம் ஒதுக்கியிருக்காங்க.

இதுக்கு என் மேல நடவடிக்கை வந்தாலும் வரும். வரட்டும். கட்சிக்கு நான் துரோகம் பண்ணல, நம்ம வார்டுல ஒரு ஓட்டு வெளிய போகாம நான் பாத்துக்கறேன். ஏழாம் வார்டுக்குப் பிரச்சாரத்துக்குப் போக மாட்டேன், அக்காவுக்கு எதிரா ஒரு வார்த்தை பேச மாட்டேன். மேலிடத்துல உக்காந்து பி பாரம் கொடுக்கறவங்களுக்கு எங்களை மாதிரி வார்டுக்காரங்க ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறோம். சீட்டு கொடுக்கறதுக்கு முன்னாடி அந்த வார்டுக்கு வந்து ஒரு மணி நேரம் நடங்க. யார் வீட்டுக் கதவைத் தட்டினா ஜனங்க உள்ள கூப்பிட்டு உக்கார வைக்கறாங்கன்னு பாருங்க. வசதி யாருக்கு இருக்குன்னு விசாரிக்கற நேரத்துல பாதி போதும் இதுக்கு. இந்தத் தேர்தல்ல மாநிலம் முழுக்க 12,838 வார்டு, எத்தனை அக்காங்க இப்படி சுயேச்சையா நிக்கறாங்களோ! நீ என்ன நினைக்கறே? நான் போயிருக்கணுமா? உன் மனசுல இருக்கறதை எழுது, எனக்காகப் பூசி மொழுகாதே.

சரி, வேலைக்கு வரேன்.

பேரூராட்சி வார்டுக்குச் செலவு வரம்பு 17,000 ரூபா. டெபாசிட் ஆயிரம். டெபாசிட்டை மகளிர் குழுவுல பத்தும் இருபதுமாப் போட்டுக் கொடுத்தாங்க. ஓட்டுக்குக் காசு கொடுக்கறதில்லைன்னு தங்கச்சி முதல் கூட்டத்துலயே சொல்லிட்டா. எதிர்த்தரப்பு கொடுப்பாங்கன்னு பேச்சு இருக்கு, நம்ம பசங்க சிலருக்கு நடுக்கம்தான். கொரோனா கட்டுப்பாட்டால ஊர்வலமும் கிடையாது, பைக் பேரணியும் கிடையாது. எனக்கு அதுவே நல்லதாப் படுது. சத்தம் இல்லாம வீடு வீடாப் போற தேர்தல்னா அது அவளுக்குன்னே செஞ்ச தேர்தல். காலையில ஆறரைக்குக் கிளம்பறா, தண்ணி பிடிக்கற நேரத்துல பெண்கள் எல்லாரும் குழாயடியில இருப்பாங்கன்னு. சாயங்காலம் குழு வாரியாத் திண்ணையில உக்காந்து பேசறா. அவ வீட்டுக்காரர் லோடு முடிஞ்சு வந்தா சமையலும் பிள்ளைங்களும் அவர் பொறுப்பு, அதை அவரே பெருமையாச் சொல்லிக்கறார்.

நம்ம வார்டுல மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. பத்துப் பதினஞ்சு ஓட்டுல தலைகீழாகும். நோட்டுல ‘தி’ போட்ட ஓட்டு மட்டும் எழுபதுக்கு மேல இருக்கு மாப்ளே. உன் வீட்டு மூணும் அதுல சேர்த்தி.

வாக்குப்பதிவு 19ந் தேதி சனிக்கிழமை, காலை 7ல இருந்து. சாயங்காலம் 5 மணிக்கு மேல கடைசி ஒரு மணி நேரம் கொரோனா உள்ளவங்களுக்குன்னு ஒதுக்கியிருக்காங்க, அதனால நம்ம ஆளுங்க அஞ்சுக்குள்ள போட்டுடணும். திருப்பூர்ல சனிக்கிழமைதான் சம்பளம்னு எல்லாரும் தயங்கறாங்க. அங்கயும் அன்னிக்குத் தேர்தல்தான், லீவுதான். அதனால உன் கம்பெனியிலயும் பக்கத்து ரெண்டு கம்பெனியிலயும் பேசி வெள்ளிக்கிழமை சாயங்காலமே கணக்கை முடிச்சுக் கொடுக்கச் சொல்லு. சூப்பர்வைசருங்க நீ சொன்னா கேப்பாங்க. போற வர பஸ் செலவு அவங்கவங்க பாடு, கட்சி தராதுன்னு இப்பவே தெளிவாச் சொல்லிடு. பின்னாடி பேச்சு வரக்கூடாது. யார் யாருன்னு பட்டியல் இதுகூடவே வச்சிருக்கேன், தங்கச்சி கையெழுத்து. எட்டாவது பேரு உன் பங்காளி மவன். அவன் அந்தப் பக்கம் சாயறான்னு சொல்றாங்க, நீயே நேர்ல பேசு.

வார்டுல ரெண்டு பூத். ஒண்ணுல நான் உக்காருவேன். இன்னொண்ணுல வீட்டு முகம் தெரிஞ்ச ஒருத்தர் வேணும், கள்ள ஓட்டு வந்தா எழுந்து நின்னு ‘இவன் இல்ல’ன்னு சொல்லணும். உன் பேரைத்தான் எழுதியிருக்கேன். பதினெட்டாம் தேதி ராத்திரி வண்டி ஏறிடு, பூத் ஏஜென்ட் பாரத்துல கையெழுத்துப் போட உன் போட்டோ ரெண்டு எடுத்துட்டு வா.

பதிலை உடனே எழுது.

அன்புடன்,
உன் மச்சான்